மோட்டார் சைக்கிள் பந்தயமும் மரக்காணத்து வாலிபர்களும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து டீக்கடை ஒன்றில் பெரிய சண்டை. அடிதடி அல்ல, வாய்ச் சண்டைதான். உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் சந்தா வசூலுக்காகப் போயிருந்தவன் நான். ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அன்று சந்தா வசூலாகவில்லை என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சண்டை மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி. சண்டை போட்ட மூவரும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். ஒருவர் பைக் மெக்கானிக். ஒருவர் மீன் வண்டி ஓட்டுகிறவர். மூன்றாமவர் ஐ.டி.ஐ. படித்துவிட்டு, ஒரகடம் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருப்பவர். வாராந்திர விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார்.

மெக்கானிக்கின் வாதம் இது. "இருங்காட்டுக்கோட்டையில தேசியப் பந்தயம் நடக்குது. இங்கேர்ந்து பைக்ல ரெண்டு ரெண்டரை மணி நேரம். எப்ப நடக்குதுன்னு நமக்கே தெரியல. ஊருக்கு ஊரு சினிமா போஸ்டர் ஒட்டுறானே, இதுக்கு ஒரு நோட்டீஸ் உண்டா?" மீன் வண்டிக்காரர் வேறு மாதிரி பேசினார். கபடிக்கு லீக் வைத்த பிறகுதானே ஜனங்கள் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தார்கள்? அதே போல 2024-இல் புனே, ஆமதாபாத், பெங்களூர் நகரங்களில் மைதானத்துக்குள் மண்ணைக் கொட்டி சூப்பர்கிராஸ் லீக் நடத்தினார்களே, அந்த மாதிரி இங்கேயும் பெரிய முதலாளிகள் அணிகளை விலைக்கு வாங்கினால் விளையாட்டு வளர்ந்துவிடும் என்பது அவர் கட்சி. கம்பெனித் தொழிலாளி சிரித்தார். "அண்ணே, அது பந்தயம் இல்ல, ஷோரூம். பார்க்கிறவன் வரணும்னு அவங்களுக்கு அவசியமே இல்ல. ஜெயிச்ச வண்டியோட போட்டோ வந்தாப் போதும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தோழர், நீங்க சொல்லுங்க" என்றார்கள்.

எனக்கு இதில் என்ன தெரியும்? சைக்கிள்தான் எனக்குத் தெரிந்த வாகனம். அன்று நழுவிவிட்டேன். பிறகு விசாரித்தேன், படித்தேன். மூன்று பேர் சொன்னதிலும் வாஸ்தவம் இருக்கிறது. ஆனால் மூன்று பேரும் கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது.

முதலில் பழைய கதை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமானத் தளம் ஒன்று உண்டு. 1953-இல் ஆரம்பிக்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்தத் தளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. கார் ஓட்ட வந்தவர்கள் யார்? கோண்டல் சமஸ்தானத்து அரச குடும்பத்தார், சாராய அதிபர் விஜய் மல்லையா போன்ற கனவான்கள். ஆனால் மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் கதை சற்று வேறு. அதில் மெக்கானிக்குகளும், ஒர்க்ஷாப் பையன்களும், பழைய வண்டியைத் தாமே பிரித்து மாட்டியவர்களும் இருந்தார்கள். பார்க்க வந்த கூட்டமும் சாமானிய ஜனங்களே. என் தகப்பனார் காலத்துத் தோழர்கள் சோழவரத்தைப் பற்றிப் பேசும்போது ஏதோ திருவிழாவைச் சொல்வது போலச் சொல்வார்கள். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் ஒழுங்கான பந்தயச் சாலை போட்டார்கள். ஓட்டுகிறவர்களுக்கு விமானத் தளத்தை விட இது நல்லது, சந்தேகமில்லை. ஆனால் கூட்டம் சோழவரத்தோடு நின்றுவிட்டது.

ஏன் நின்றது? கம்பெனித் தொழிலாளி சொன்னதுதான் காரணம். டிக்கெட் விற்றுப் பந்தயம் நடந்த காலம் போய், டயர் கம்பெனியும் பைக் கம்பெனியும் பணம் போட்டுப் பந்தயம் நடக்கும் காலம் வந்தது. 1982-லேயே டி.வி.எஸ். கம்பெனி தனக்கென்று பந்தயப் பிரிவு ஆரம்பித்தது. பிறகு ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி வண்டிகள் மட்டும் ஓடும் பந்தயங்கள் வந்தன. இதனால் ஏழை வீட்டுப் பையனுக்கும் ஓட்ட வழி கிடைத்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. சொந்தமாகப் பந்தய வண்டி வாங்க யாரால் முடியும்? ஆனால் பணம் கொடுப்பவன் ஒருவனாக இருந்தால் கணக்கும் அவன் கணக்குத்தான். பார்வையாளன் அந்தக் கணக்கில் வரவே மாட்டான்.

இப்போது வெளிநாட்டுச் செய்தி ஒன்றைக் கேளுங்கள். ஸ்பீட்வே என்று ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் உண்டு. முட்டை வடிவத்தில் மண் பாதை. ஒரு தடவைக்கு நான்கு பேர், நான்கு சுற்று, ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். வண்டிக்கு பிரேக்கே கிடையாது. எரிபொருள் மெத்தனால். (அந்தச் சொல்லை மரக்காணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை; 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயத்தில் போன உயிர்கள் அதைச் சொல்லும்.) 1923-இல் ஆஸ்திரேலியாவில் மெய்ட்லண்ட் என்ற ஊரின் பொருட்காட்சி மைதானத்தில் ஜானி ஹாஸ்கின்ஸ் என்பவர் இதை நடத்திப் பிரபலமாக்கினார். 1928-இல் இங்கிலாந்துக்கு வந்தது. உழைப்பாளி மக்கள் வாழும் தொழில் நகரங்களில் வேரூன்றியது.

போலந்தில் இதற்கு இன்றும் ஆயிரக்கணக்கில் கூட்டம். அங்குள்ள பழைய கிளப்புகளின் பெயரைப் பாருங்கள். ஒரு கிளப்புக்கு 'ரயில்வேக்காரன்' என்று பெயர், இன்னொன்றுக்கு 'எஃகு', ரிப்னிக் என்ற நிலக்கரி ஊரில் 'சுரங்கத் தொழிலாளி'. ஆலையும் சுரங்கமும் வைத்த பெயர்கள் அவை. சோவியத் நாட்டில் உஃபா நகரத்து இகோர் பிளெஹானோவ் 1964-லும் 1965-லும் உலகப் போட்டியில் இரண்டாவதாக வந்தார். டோரூன் நகரில் 2009-இல் நகராட்சிப் பணத்தில் ஸ்பீட்வேக்கென்றே மைதானம் கட்டினார்கள். மைதானம் ஊருக்குச் சொந்தம் என்பதால் விளையாட்டு ஊரிலேயே நிற்கிறது.

இங்கிலாந்தில் ஸ்திதி வேறு. அங்கே பல மைதானங்கள் தனியார் சொத்து. கிளப் வெறும் குடிக்கூலிக்காரன். 2023-ஆம் ஆண்டு முடிந்ததும் உல்வர்ஹாம்ப்டன், பீட்டர்பரோ இரண்டு ஊர்க் கிளப்புகளும் மைதானத்தை இழந்தன. ரசிகர்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள்: பிரசாரம் போதவில்லை, நடத்துகிறவர்கள் சரியில்லை, டிக்கெட் விலை அதிகம், வாலிபர்கள் வருவதில்லை. நம் டீக்கடையில் கேட்ட அதே பேச்சு! ஆனால் காலடியில் உள்ள நிலம் யாருடையது என்ற கேள்விக்கு நோட்டீஸ் ஒட்டி என்ன பதில் சொல்வது? குத்தகை நிலத்தில் பாத்தி கட்டி உப்பு வாருகிற நமக்கு இது புரியாத விஷயமா?

அந்தப் பந்தயத்தின் கூலி முறையையும் சொல்ல வேண்டும். ஜெயித்தால் மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, மூன்றாமவனுக்கு ஒன்று, கடைசியாக வந்தவனுக்குப் பூஜ்யம். ஓட்டுகிறவனுக்குப் பெரும்பாலும் புள்ளிக்கு இத்தனை என்றுதான் கூலி. வண்டி அவனுடையது, எஞ்சின் செலவு அவனுடையது, மெக்கானிக் சம்பளமும் அவன் தலையில். எலும்பு முறிந்து படுத்தால் புள்ளி இல்லை. புள்ளி இல்லாவிட்டால் கூலி இல்லை. உப்பு மூட்டை ஏற்றுகிறவருக்கு மூட்டைக் கணக்கு, பஞ்சாலையில் பீஸ் ரேட், பந்தயக்காரனுக்குப் புள்ளி. மழைக் காலத்தில் பாத்தி மூழ்கினால் நாம் சும்மா இருப்பது போலவே அவனும் இருக்க வேண்டியதுதான். நட்சத்திர வீரர்கள் சிலருக்கு முன்பணமாகப் பெருந்தொகை கிடைக்கிறது, மெய்தான். நான் பேசுவது மற்றவர்களைப் பற்றி. அவர்கள் இங்கிலாந்தில் ரைடர் சங்கம் வைத்திருக்கிறார்கள் என்றதும் நம் கம்பெனித் தொழிலாளியின் முகம் மலர்ந்தது. 2018 செப்டம்பரில் ஒரகடம் வட்டாரத்தில் யமஹா தொழிலாளர்களும் ராயல் என்ஃபீல்டு தொழிலாளர்களும் சங்க உரிமைக்காக வேலை நிறுத்தம் செய்ததை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வண்டியைச் செய்கிறவனுக்கே சங்கம் வைக்க அந்தப் பாடு என்றால், ஓட்டுகிறவன் கதியை யோசியுங்கள்.

நம் ஊருக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் 5-ஆம் தேதி இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் பந்தயத்தின்போது, பெங்களூரிலிருந்து வந்த ஒரு வீரன் விழுந்து இறந்தான். வயது 13. பதின்மூன்று! சாலையில் அந்தப் பையன் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். தகப்பனார் மீது வழக்கு வரும். பந்தயச் சாலையில் ஓட்டலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழே எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாது என்றார்கள். நல்லது. உடனேயே விலக்கும் வைத்தார்கள்: குடும்பத் தொழில், சினிமா, விளம்பரம், விளையாட்டு. சர்க்கஸ் மட்டும் கூடாது! கயிற்றின் மேல் நடக்கிற குழந்தைக்கு உள்ள பாதுகாப்பு, மோட்டார் சைக்கிளில் பறக்கிற குழந்தைக்கு இல்லை. அந்தச் சிறுவன் ஆசையோடு ஓட்டினான், திறமைசாலி என்று சொல்கிறார்கள். இருக்கலாம். சிறு வயதில் பழகாவிட்டால் உலக வீரன் ஆக முடியாது என்பதும் உண்மையாக இருக்கலாம். பழகுவது வேறு, கம்பெனிப் பெயர்களை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு போட்டியில் முண்டுவது வேறு. மெக்கானிக் இதில் என்னோடு ஒத்துப் போகவில்லை. வயதைக் கூட்டினால் நம் பையன்கள் ஸ்பெயின் பையன்களிடம் என்றைக்கும் தோற்றுக்கொண்டே இருப்பார்கள் என்றார். தோற்கட்டும் என்றேன். அவருக்குக் கோபம்.

விளையாட்டுக்கு சர்க்கார் பணம் செலவழிக்கக் கூடாது என்று சொல்லுகிற ஆள் நான் அல்ல. ஆனால் எப்படிச் செலவழிக்கிறார்கள்? 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார்ப் பந்தயம் விட்டார்கள். முதலில் 2023 டிசம்பரில் நடத்த இருந்தார்கள். மிக்ஜாம் புயல் வந்து தள்ளிப் போட்டது. அரசுப் பணம் 42 கோடி ரூபாய் பற்றி நீதிமன்றத்தில் விவாதம் நடந்து, வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. பந்தயம் முடிந்ததும் தடுப்புகளைக் கழற்றிவிட்டார்கள், சாலை மறுபடி சாலையாயிற்று. மரக்காணத்துப் பையன் நின்று பழக ஒரு முழம் மண் மிஞ்சவில்லை.

வடக்கே கிரேட்டர் நொய்டாவில் ஜேப்பி கம்பெனி பிரம்மாண்டமான பந்தயச் சாலை கட்டியது. அதே யமுனா விரைவுச் சாலை வட்டாரத்தில், 2011 மே மாதம் பட்டா பர்சோல் கிராமத்தில் நில எடுப்பை எதிர்த்த விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பந்தயம்? 2011, 2012, 2013, மூன்றே வருஷம், கார்கள் போய்விட்டன. பிறகு 2023 செப்டம்பரில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தைக் கொண்டு வந்தார்கள். அதுவும் அடுத்த வருஷம் வரவில்லை.

அந்த 2023 பந்தயத்தில் ஒரு சம்பவம் என் மனதில் தங்கிவிட்டது. வெயில் தாங்கவில்லை என்று 24 சுற்றுப் பந்தயத்தை 21 சுற்றாகக் குறைத்தார்கள். வீரனின் உயிர் முக்கியம். குறைத்தது முற்றிலும் நியாயம். சித்திரை வெயிலில் காலில் உப்பு அறுக்க அறுக்க வாரிக்கொண்டிருக்கும் நம் பெண்களுக்கு எந்தச் சுற்றை யார் குறைத்தார்கள் என்று டீக்கடையில் கேட்டேன். பதில் சொன்னவர் டீக்கடைக்காரர்தான்: "குறைக்கக் கூடியவங்க ஏ.சி.யில இருக்காங்க தோழர்."

இதையெல்லாம் விட அவசரமான விஷயம், டீக்கடைக்கு முன்னால் ஓடுகிற சாலை. ஞாயிறு விடியற்காலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு விலை உயர்ந்த வண்டிகள் சீறிக்கொண்டு போகின்றன. அதைப் பார்த்து நம் பையன்களும் கடன் தவணையில் வண்டி வாங்கி இறங்குகிறார்கள். மீன் வண்டிக்காரரின் சித்தப்பா மகன் அப்படி இறங்கியவன். சென்ற வருஷம் தொடை எலும்பு முறிந்தது. வயது 17. வண்டித் தவணையை அவன் தாயார் இன்னமும் உப்பளக் கூலியிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார். போலீசார் எப்போதாவது வந்து பிடிக்கிறார்கள், அபராதம் போடுகிறார்கள். வேகத்தில் ஆசை கொண்ட ஏழைப் பையன் எங்கே போவான் என்று யாரும் கேட்பதில்லை. பணக்காரப் பையனுக்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. இவனுக்கு?

இதைச் சொன்ன பிறகுதான் மூன்று பேரும் சண்டையை நிறுத்திவிட்டு ஒரே பக்கம் வந்தார்கள். ஸ்பீட்வே மாதிரியான பந்தயத்துக்குத் தாரும் வேண்டாம், கோடிகளும் வேண்டாம்; ஒரு மைதானம், சமன் செய்த மண், நல்ல தடுப்பு வேலி, டாக்டரோடு ஆம்புலன்ஸ், சொல்லிக் கொடுக்க ஆள். மாவட்டத்துக்கு ஒன்று, அரசு நிலத்தில், அரசு நிர்வாகத்தில் என்று கேட்கலாம் என்றார் மெக்கானிக். 14 வயதுக்குக் கீழ் பழகலாம், போட்டி கூடாது என்ற வரியை நான் சேர்த்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். கீழே விழுந்தால் சிகிச்சைச் செலவும், ஓட்ட முடியாத காலத்துக்குப் படியும் நடத்துகிறவர் பொறுப்பு என்பது கம்பெனித் தொழிலாளி சேர்த்தது. டிக்கெட் விலை ஒரு நாள் கூலியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது மீன் வண்டிக்காரரின் திருத்தம். முதலாளிகள் அணி வாங்கும் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

விளையாட்டுத் துறைக்கு மனு எழுதியாயிற்று. கையெழுத்து வாங்கும் வேலை மெக்கானிக்குடையது. அவர் கடைக்குப் பழுது பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் வாங்கிக்கொண்டிருக்கிறார். மீன் வண்டிக்காரரின் சித்தியும் கைநாட்டு வைத்திருக்கிறார். மகனை மறுபடி வண்டியில் ஏற்றப் போகிறீர்களா என்று திட்டிவிட்டுத்தான் வைத்தார்.