படிக்கட்டு இல்லாத லெவல்கள்

"இலவச லேப்டாப் கொடுத்தா இவனுங்க படிக்கவா போறானுங்க? கேம்தான் ஆடுவானுங்க."

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டார்கள். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று மடிக்கணினித் திட்டம் தொடங்கிய காலத்திலேயே இதுவும் தொடங்கிவிட்டது. 2022 ஜூலையில் பிரதமர் மோடி இலவசத் திட்டங்களை 'ரேவடி' என்று ஏளனம் செய்தார். தெருமுனைப் புலம்பலுக்கு டெல்லி அங்கீகாரம் கிடைத்தது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தரப்படும் என்று 2025 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு அறிவித்ததும் அதே வசனத்தைத் தூசு தட்டி எடுத்து வந்தார்கள்.

ஆமாம், ஆடினோம். அதனால் என்ன?

நான் திருவொற்றியூர்க்காரன். எங்கள் தெருவில் முதலில் நுழைந்த கணினி, அரசு முத்திரை பதித்த அந்த மடிக்கணினிதான். அதில் ப்ராஜெக்ட் செய்தோம், படம் பார்த்தோம், பென்டிரைவில் கைமாறி வந்த வைஸ் சிட்டியும் ரோட் ராஷும் ஆடினோம். அதே வயதில் அண்ணா நகரில் ஒரு பையன் லட்ச ரூபாய் கணினியில் அதே கேமை ஆடினால், "பையனுக்கு டெக்னாலஜியில ஆர்வம்" என்பார்கள். ராயபுரம் பையன் ஆடினால் "வரிப்பணம் வீணாப் போச்சு." இரண்டு பேரும் ஓட்டியது ஒரே திருட்டு கார். ஒருவனுக்கு அது திறமை, இன்னொருவனுக்குக் குற்றம். அந்தப் பாகுபாட்டுக்குப் பெயர் கேமிங் கலாச்சாரம் இல்லை, சாதிப் புத்தி.

ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓய்வு என்று ஒன்று இருப்பதையே இந்தச் சமூகம் ஏற்பதில்லை. உழைக்கலாம். போனால் போகிறதென்று படிக்கலாம். விளையாடக் கூடாது. விளையாடினாலும் மெடலோடு வர வேண்டும். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற பிறகுதான் வடசென்னையின் கேரம் போர்டு பலருக்கு விளையாட்டாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய நாள் வரை, தெருமுனையில் வெட்டிப் பயல்கள் கூடும் இடம்.

அந்த மடிக்கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஊரெல்லாம் பேசும் புது கேம்கள் அதில் திறக்கவே திறக்காது. அதனால் அதில் எது ஓடுமோ அதைத் தேடினோம். அப்படித்தான், நான் கேட்டுப் பார்த்தவரையில் யாருமே ஆடியிராத ஒரு கேம் எனக்குக் கிடைத்தது. பெயர் 'அன்ரெஸ்ட்'. 2014இல் வந்தது. பைரோடாக்டைல் என்ற சிறிய இந்திய நிறுவனம், மக்களிடம் இணையத்தில் நிதி திரட்டி உருவாக்கியது.

பழங்கால இந்தியா போன்ற ஒரு கற்பனை நாடு. பஞ்சத்தில் தவிக்கும் பீம்ரா என்ற நகரம். வாள் சண்டை அரிது, பேச்சுதான் ஆட்டம். நீங்கள் ஐந்து பேராக மாறி மாறி வாழ வேண்டும். அதில் ஒருத்தி, வீட்டார் நிச்சயித்த திருமணத்தின் முன்னால் நிற்கும் கிராமத்து ஏழைப் பெண். எதிரில் நிற்பவர் உங்கள் மேல் வைத்திருக்கும் நட்பு, மரியாதை, பயம் மூன்றையும் கேம் தனித்தனியாகக் கணக்கு வைக்கும். இதைக் கண்டபோது எனக்குச் சிலிர்த்தது. ஒருவர் நம்மிடம் நட்பாகப் பழகுவார், மரியாதை மட்டும் தரமாட்டார். சாதி தெரிந்த நண்பனின் வீட்டு வாசலில் நின்றவர்களுக்கு இந்த இரண்டும் வேறு வேறு என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

அது குறையில்லாத கேம் அல்ல. ஆனால் சாதியைப் பின்னணி ஓவியமாக மாட்டாமல், ஆட்டத்தின் விதிக்குள் கொண்டுவர முயன்றது. அது ஏன் யாருக்கும் தெரியாமல் போனது?

தெரியவந்த கேம்களைப் பாருங்கள். 2009இல் பிளேஸ்டேஷன் 2க்காக இந்தியாவிலேயே உருவாக்கிய கேம், 'ஹனுமான்: பாய் வாரியர்'. 2020இல் உலகமே பேசிய புனே நிறுவனத்தின் கேம், 'ராஜி'. சர்க்கஸ் பெண் ஒருத்தி துர்க்கையின் அருளோடு அசுரர்களை வெட்டிச் சாய்க்கிறாள். தலைமை வில்லன் பெயர் மகாபலாசுரன். பலியை உழைக்கும் மக்களின் அரசனாக 1873லேயே 'குலாம்கிரி'யில் எழுதிவைத்தார் ஜோதிராவ் பூலே. அசுரன் யார், அவனை ஏன் கொன்றார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டார் பெரியார். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும், இந்தியக் கதை என்றால் அசுர வதம்தான் என்று கன்ட்ரோலரை நம் கையில் கொடுத்து, பட்டனை நம்மையே அழுத்தச் சொல்கிறார்கள்.

"கேம்ல எதுக்குப்பா சாதி? அங்க எல்லாரும் லெவல் ஒண்ணுலதான ஆரம்பிக்கிறோம்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. பிரச்சினையே அதுதான். கேம்களில் பெரும்பாலானவை சொல்லும் கதை ஒன்றே: எல்லோருக்கும் ஒரே தொடக்கம், முயன்றால் அடுத்த லெவல், தோற்றால் உன் திறமைக் குறைவு. இதைத்தான் வெளியே 'மெரிட்' என்கிறார்கள். இந்து சமூகத்தைப் படிக்கட்டும் வாசலும் இல்லாத பல மாடிக் கோபுரம் என்றார் அம்பேத்கர், 1920இல் 'மூக்நாயக்' முதல் இதழில். எந்த மாடியில் பிறந்தாயோ அந்த மாடியிலேயே சாக வேண்டும். எவ்வளவு ஆடினாலும் லெவல் ஏறாத ஆட்டம் அது. அதன் விதிகளை அதில் சிக்கியவர்களைவிடத் துல்லியமாக யார் எழுத முடியும்?

தமிழர்களும் இந்தத் துறையில் சாதித்துவிட்டார்கள். கனடாவில் குடியேறிய தமிழ்த் தாயின் சமையல்கட்டைச் சொன்ன 'வெண்பா', 2024இல் பாஃப்டா விருதே வாங்கியது. மகிழ்ச்சி. ஆனால் தமிழ் வாழ்க்கை அந்தச் சமையல்கட்டோடு முடிந்துவிடுவதில்லை.

எண்ணூரை எடுத்துக்கொள்ளுங்கள். கொசஸ்தலை ஆற்றில் ஒரு மீனவர் வலை போட வேண்டும். ஒரு பக்கம் அனல் மின்நிலையத்தின் சாம்பல், இன்னொரு பக்கம் சுடுநீர். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை, மனிதர்கள் வாளி கொண்டு கையால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு ஆற்றில் எண்ணெய் பரவியபோதும் மீனவர்களே அள்ளினார்கள். அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, நள்ளிரவில் ஜனங்கள் ஓடினார்கள். எந்த ஊரில் ஆலை வைக்கலாம், யார் கையால் கழிவை அள்ளலாம் என்று முடிவு செய்யும் விதி ஒன்று இருக்கிறதல்லவா? அந்த விதியைக் கட்டுரையில் படிப்பது வேறு. அதற்குள் நின்று, எந்தப் பக்கம் வலை போட்டாலும் தோற்பது வேறு. அந்த அனுபவத்தைத் தர கேம் என்ற வடிவத்தால் முடியும்.

இதற்குக் கோடிகள் வேண்டாம். கோடோ, ட்வைன் போன்ற இலவச மென்பொருள்கள் போதும், ஒரு சாதாரண மடிக்கணினி போதும். பாட்டிலும் குத்துச்சண்டையிலும் சினிமாவிலும் வடசென்னையை நாமே சொல்லத் தொடங்கியிருக்கிறோம். இதிலும் சொல்வோம். முதலில் பத்து பேர்தான் ஆடுவார்கள், ஆடட்டும்.

கையில் புது மடிக்கணினி வாங்கப்போகும் தம்பி, தங்கைகளுக்கு: யார் என்ன சொன்னாலும் கேம் ஆடுங்கள். கூச்சப்படாமல் ஆடுங்கள். ஆடிக்கொண்டே, இதன் விதியை எழுதியவன் யார் என்று கேளுங்கள். பிறகு உங்கள் விதியை எழுதுங்கள்.