தேதி வரிசை போதாது

"புதியதை மேலே காட்டுங்கள், அது போதும்." அரசு இணையதளமோ, செய்தித்தாள் காப்பகமோ, நூலகமோ, தேடல் வசதி அமைக்கிற இடத்தில் எல்லாம் இந்தக் குரல் கேட்கிறது. இதை ஏற்றுக்கொண்டால் நட்டம் தேடி வருகிறவருக்குத்தான்.

புதியது பழையதை ரத்து செய்துவிடும் என்பது முதல் வாதம். அரசாணைகளையே எடுத்துக்கொள்வோம். பல திருத்த ஆணைகளில் இருப்பது சில வரிகள்தான்: மூல ஆணையின் இன்ன பத்தியில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள். யாருக்குத் தகுதி, வருமான வரம்பு என்ன, எங்கே விண்ணப்பிப்பது என்பதெல்லாம் மூல ஆணையில் இருக்கும். தேதி வரிசையில் திருத்தம் முதலில் வரும். மூலம் எங்கோ பின்னால் கிடக்கும். எது எதை ரத்து செய்தது என்பதைத் தேதி சொல்லாது. ஆணைகளுக்கு இடையே இணைப்பு கொடுத்தால்தான் அது தெரியும்.

வேகமாக மாறும் துறைக்காவது தேதி போதும் என்பார்கள். மருத்துவத்தைவிட வேகமாக மாறுவது எது? 3.5 கோடிக்கும் மேற்பட்ட ஆய்வுப் பதிவுகள் கொண்ட மருத்துவத் தேடல் தளமான பப்மெட் நெடுங்காலம் புதியதையே முதலில் காட்டிவந்தது. இரைப்பைப் புண்ணுக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள தொடர்பை முன்வைத்த மார்ஷல், வாரன் இருவரின் 1984ஆம் ஆண்டுக் கட்டுரை, 2005இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆய்வுக்கு அடிப்படை; அந்த வரிசையில் அது ஆயிரக்கணக்கான பதிவுகளுக்குக் கீழே போய்விடும். தேடிய சொல்லைப் போகிறபோக்கில் குறிப்பிடும் நேற்றைய கட்டுரை மேலே நிற்கும். பப்மெட் 2020இல், தேடலுக்கு அதிகம் பொருந்துவதை முதலில் காட்டும் பொருத்த வரிசையை இயல்புத் தெரிவாக்கியது. முதலில் பி.எம்.25 என்ற சொற்பொருத்தச் சூத்திரம் ஆவணங்களைத் தேர்கிறது; பிறகு, வெளியான காலத்தையும் ஓர் அம்சமாகக் கணக்கில் கொள்ளும் இயந்திரக் கற்றல் முறை முன்னணிப் பதிவுகளை மறுவரிசைப்படுத்துகிறது. காலம் அங்கேயும் உண்டு, ஆனால் தலைமையில் இல்லை.

தேதி வரிசை எல்லோருக்கும் புரியும், ஒளிவுமறைவு இல்லை என்பது நேர்மையான வாதம். வாரந்தோறும் தன் துறையைப் பின்தொடர்பவருக்கு அதுதான் தேவை. ஆகவே அதை விருப்பத் தெரிவாக வைக்கலாம். பப்மெட்டும் அப்படித்தான் வைத்திருக்கிறது.

"சரி, பொருத்த மதிப்பெண்ணோடு தேதிக்கு ஐந்து மதிப்பெண் கூட்டிவிடுவோம்" என்பது அடுத்த சமரசம். நடைமுறையில் அதிகம் கெடுவது இங்கேதான். பி.எம்.25 மதிப்பெண்ணுக்கு நிலையான உச்சவரம்பு கிடையாது. எங்கும் காணப்படும் ஒற்றைச் சொல்லைத் தேடினால் அது 2 ஆக இருக்கலாம். அரிய சொற்கள் நாலைந்து சேர்ந்தால் 25ஐத் தாண்டலாம். அதே ஐந்து, முதல் தேடலில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இரண்டாவதில் ஏறக்குறைய மறைந்துபோகும். கூட்டாமல் பெருக்க வேண்டும், அதையும் அளவோடு. இன்றைய ஆவணத்தை 1.5ஆல் பெருக்கி, வயது ஏற ஏற அந்த எண்ணை 1 வரை இறக்கினால், இரு மடங்கு பொருத்தமுள்ள பழைய ஆவணம் புதியதிடம் ஒருபோதும் தோற்காது. பொருத்தம் நெருங்கி நிற்கும்போது மட்டும் புதுமை முடிவு செய்யும். சோல்ர், எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடல் மென்பொருள்களில் இதற்கான வசதி ஏற்கெனவே உண்டு.

எவ்வளவு வேகமாக இறக்குவது? எல்லாத் தேடலுக்கும் ஒரே வேகம் என்பதும் தவறு. "மழை விடுமுறை" என்று காலை ஆறு மணிக்குத் தேடும் தாய்க்குப் போன ஆண்டு அறிவிப்பு பயன்படாது. அங்கே மணிக்கணக்கில் மதிப்புக் குறைய வேண்டும். குற்றியலுகரம் பற்றித் தேடும் மாணவருக்கு வயது ஒரு பொருட்டே அல்ல. 2011 நவம்பரில் புதுமைக்கு முன்னுரிமை தரும் மாற்றத்தை அறிவித்தபோது கூகுளே, அது சுமார் 35 விழுக்காடு தேடல்களைத் தொடும் என்றுதான் சொன்னது.

இத்தனைக்கும் முன்பாகத் தேதி சரியாக இருக்க வேண்டும். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக் கோப்பை மறுபடி ஏற்றினால், பத்தாண்டு பழைய ஆணை பல தளங்களில் இன்றைய ஆணையாகிவிடுகிறது. ஆணை பிறந்த நாளையும் கோப்பு ஏறிய நாளையும் தனித்தனியே பதியாத தளத்தில், சூத்திரத்தைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.