எண்ணெயில் லாபம், தையலில் அபராதம்

பெங்களூருவின் ஓசூர் சாலையில் பொம்மனஹள்ளியைச் சுற்றியுள்ள கார்மெண்ட்ஸ் ஆலைகள் ரஷ்யாவிடம் ஒரு பீப்பாய் எண்ணெயும் வாங்கியதில்லை. ஆனாலும் உக்ரைன் போரின் பெயரால் விதிக்கப்பட்ட அபராதம் அந்த வாசலில்தான் வந்து நின்றது. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை என்று சொல்லி, ஏற்கெனவே இருந்த 25 விழுக்காட்டின் மேல் இன்னொரு 25 விழுக்காட்டை ஏற்றி, 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு 50 விழுக்காடு வரி போட்டது அமெரிக்கா. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது அது 20தான். இந்த முப்பது விழுக்காட்டு இடைவெளியைத் தாங்கும் லாபம் திருப்பூரின் பனியன் கம்பெனிக்கும் இல்லை, பெங்களூருவின் சட்டை ஆலைக்கும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், எந்த எண்ணெய்க்காகத் தண்டனையோ, அதைச் சுத்திகரித்து எடுக்கும் பெட்ரோலியப் பொருட்களுக்கு அந்த வரியிலிருந்து விலக்கு இருந்தது. மருந்துக்கும் செல்போனுக்கும் இருந்தது. துணிக்குக் கிடைக்கவில்லை.

எண்ணெய் வாங்கியதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டித்து வாக்களித்தபோது, ஒதுங்கி நின்ற 35 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இது போருக்கான காலம் அல்ல என்று அதே ஆண்டு செப்டம்பரில் சமர்கண்டில் புதினிடம் நேரிலேயே சொன்னார் பிரதமர் மோடி. இதற்கிடையே நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் இரண்டு விழுக்காடுகூட இல்லாத ரஷ்யாவின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டியது. பேச்சு ஒருபக்கம், கொள்முதல் ஒருபக்கம் என்று இதைக் குறை சொல்லலாம். ஆனால் ரஷ்ய எண்ணெய் சந்தைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும் என்றுதான் ஜி7 நாடுகளே 60 டாலர் உச்சவரம்பை வகுத்தன. நம்மைவிட அதிகம் வாங்கிய சீனாவுக்கு இந்த அபராதம் விதிக்கப்படவில்லை. அமெரிக்காவின் நியாயம் ஓட்டைப் பானை என்பதில் சந்தேகமில்லை.

என் கேள்வி டெல்லியை நோக்கியது. ரஷ்ய எண்ணெயில் கிடைத்த தள்ளுபடி யாருக்குப் போனது? பெங்களூருவில் பெட்ரோல் விலை 2022 மே முதல் 2024 மார்ச் வரை 101.94 ரூபாயிலேயே நின்றது. 2023-24இல் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்கள் சேர்ந்து ஈட்டிய லாபம் சுமார் 81,000 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு விலையை ஏற்றாமல் அவை பட்ட அடியை மறக்கலாமா என்று கேட்பார்கள். நியாயம்தான், இந்துஸ்தான் பெட்ரோலியம் 2022-23இல் நஷ்டத்தில்தான் முடித்தது. ஆனால் அந்தக் காயம் ஓராண்டில் ஆறிவிட்டது. தனியார் சுத்திகரிப்பாளர்களோ ஐரோப்பாவுக்கு டீசல் விற்றுச் சம்பாதித்தார்கள். அவர்கள்மீது 2022 ஜூலையில் போட்ட திடீர் லாப வரியும் 2024 டிசம்பரில் நீக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது கலால் வரியை லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏற்றி, மிச்சத்தைக் கருவூலம் எடுத்துக்கொண்டது. வரவு இப்படி மேலே தங்கியது. செலவு கீழே இறங்கியது. ஆர்டர் குறைந்தால் முதலில் போவது ஓவர்டைம், அடுத்து ஹெல்பர்.

நிவாரணம் கொடுக்கவில்லையா? கொடுத்தார்கள். பஞ்சு இறக்குமதி வரியை நிறுத்திவைத்தார்கள். 2025 நவம்பரில் 25,060 கோடி ரூபாயில் ஏற்றுமதி ஊக்கத் திட்டமும், 20,000 கோடி வரை கடன் உத்தரவாதமும் அறிவித்தார்கள். எல்லாம் ஏற்றுமதியாளரின் கணக்குக்கு. தொழிலாளிக்கு இருப்பது ஈ.எஸ்.ஐ.யின் அடல் திட்டம். அதுவும் வேலை போன பிறகு, பாதிச் சம்பளம், அதிகபட்சம் 90 நாள். வேலை இருந்தும் நாட்கள் குறைந்தவருக்கு அதில் இடமில்லை. அந்தத் திட்டத்தை வேலைநாள் இழப்புக்கும் விரித்து, அந்த இரண்டு ரூபாய்க் கலாலில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்க வேண்டும். முடியாத காரியம் என்று டெல்லி சொல்லக்கூடும். 2016 பிப்ரவரியில் பி.எஃப். பணத்தை எடுக்கக் கட்டுப்பாடு அறிவித்ததும் அதே டெல்லிதான். ஏப்ரலில் இதே ஓசூர் சாலையை கார்மெண்ட்ஸ் பெண்கள் மறித்த மறுநாளே மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது.