குதிரைமேல் இருப்பவன் யார்?

நேரிற் கண்டறியாத ஒன்றைப் பற்றி மனம் வெறுமனே இருப்பதில்லை. பிறர் வரைந்து கொடுத்த படத்தை வாங்கி மாட்டிக்கொள்கிறது. நாளடைவில் அப்படமே உண்மையாகிவிடுகிறது. குதிரையேறுவோரைப் பற்றித் தமிழ் மக்களிடையே உலவும் எண்ணங்கள் பெரும்பாலும் இத்தகையவையே. செருக்கு மிக்க செல்வன் ஒருவனை வருணித்து எழுதுமாறு மாணாக்கரைப் பணித்தால், அவன் முழங்கால் உயரக் காலணியோடும் கையில் சவுக்கோடும் குதிரைமேல் வந்துவிடுகிறான். திரைப்படப் பண்ணையாரிடம் இரவல் பெற்ற உருவம் அது. குதிரைப் பந்தயம் என்ற சொல் காதில் விழுந்தாலோ, தாலியை அடகு வைத்த சூதாடி நினைவுக்கு வருகிறான். இவ்விரண்டிலும் சேராதோர், "அது வெள்ளைக்காரர் கலை, தமிழர்க்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று ஒதுங்கிக்கொள்கின்றனர். சீமான், சூதாடி, அயலான் என்னும் இம்மூன்று முகமூடிகளும் பொய்ம்முகங்கள். இவற்றைக் கழற்றிப் பார்க்கும் கடமை வேறு எவரையும்விடத் தமிழாசிரியர்க்கு மிகுதியாக உண்டு.

சிங்கப்பூரில் இக்கடமையை நினைவூட்ட ஒரு தெருவே இருக்கிறது. சிராங்கூன் சாலைக்கு அணித்தாக ஓடும் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு வாழையிலைச் சாப்பாட்டுக்கும் மீன்தலைக் கறிக்கும் செல்வோர் பல்லாயிரவர். அத்தெருவின் பெயர் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. 1842ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் தோன்றியது. அடுத்த ஆண்டு, இன்று ஃபேரர் பார்க் எனப்படும் இடத்தில் முதற் பந்தயம் நடந்தது. 1924இல் அக்கழகம் சிங்கப்பூர் டர்ஃப் கிளப் எனப் பெயர் மாறியது. 1933இல் புக்கிட் தீமாவுக்கும், 1999இல் கிராஞ்சிக்கும் இடம் பெயர்ந்தது. 2023 சூன் மாதத்தில், பந்தயத் திடல் மூடப்பட்டு நிலம் அரசிடம் ஒப்படைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. 2024 அக்டோபர் 5ஆம் நாள் இறுதிப் பந்தயம் நடந்தேறியது. நூற்றெண்பது ஆண்டுகளைக் கடந்த ஒரு வரலாறு அன்று முற்றுப்பெற்றது.

அவ்வரலாற்றை எழுதுவோர் ஆளுநர்களையும் வணிகப் பெருமக்களையும் வெற்றிக் கோப்பைகளையும் எழுதுகின்றனர். குதிரையின் உடலைத் தேய்த்துக் கழுவிய கை எவருடையது என்று எழுதுவார் அரியர். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் டெலி மட்டக்குதிரைகள் பூட்டிய வாடகை வண்டிகள் ஓடின. அவற்றைச் செலுத்தியோரும், துரைமார் வீட்டு லாயங்களைப் பேணியோரும் 'சைஸ்' எனப்பட்டனர். பாவியான் தீவிலிருந்து வந்த போயானியரும் தென்னிந்தியரும் இத்தொழிலில் இருந்தனர். வண்டிக்குள் துரை அமர்ந்திருக்க, குதிரையின் கடிவாளத்தைப் பற்றிக்கொண்டு வெயிலில் உடன் ஓடியவன் சைஸ். மோட்டார் வண்டி வந்தபின் காரோட்டிக்கும் அதே பெயர் நிலைத்தது. சொல் வாழ்ந்தது, அச்சொல்லுக்கு உரியவன் மறக்கப்பட்டான்.

இங்குத்தான் முதற் பொய்ம்முகம் கழன்று விழுகிறது. குதிரைமேல் இருப்பவனெல்லாம் சீமான் என்பது உண்மையாயின், பந்தயக் குதிரையின் முதுகில் மிகுதியான நேரம் இருந்தவன் அதன் உரிமையாளனாக இருந்திருக்க வேண்டும். உரிமையாளனோ பார்வையாளர் மாடத்தில் இருந்தான். விடியுமுன் எழுந்து பயிற்சி ஓட்டத்துக்குக் குதிரையைச் செலுத்தியவன் கூலிக்கு உழைத்தவன். இலத்தி அள்ளி, குளம்பைத் தூய்மை செய்து, தீனி வைத்து, இரவில் குதிரை இருமினால் விழித்தெழுந்தவனும் கூலிக்காரனே. போட்டியில் ஏறும் ஜாக்கியும் ஒரு தொழிலாளியே. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் கூலி. வென்றால் பரிசிற் சிறு பங்கு. விழுந்தால் எலும்பு முறிவு. ஏறத்தாழ ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கு மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, அதன்மேல் குந்தியிருப்பவனைத் தொடர்ந்து மருத்துவ வண்டியும் ஓடுகிறது. வேறு எந்தச் சீமான் இத்தகைய வேலைக்கு ஒப்புவான்?

பேணுவோனின் அருமையை வரலாறு ஒருமுறை கடுமையாகவே உணர்த்தியிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அந்நாட்டரசர் ஆண்டுதோறும் அரபுக் கடற்கரையிலிருந்து பெருந்தொகை கொடுத்துக் குதிரைகளை வாங்கியதையும், அவற்றுட் பெரும்பாலானவை விரைவில் மாண்டதையும் எழுதிவைத்துள்ளார். குதிரைகளைப் பேணும் முறை அங்கு அறியப்படவில்லை என்பது அவர் கூறும் காரணம். லாடம் அடிக்கத் தெரிந்தவர் அந்நாட்டுக்குச் சென்றுவிடாதபடி குதிரை வணிகர் பார்த்துக்கொண்டனர் என்றும் அவர் கூறுகிறார். ஏறுவதற்கு ஆள் இல்லாமல் அக்குதிரைகள் சாகவில்லை. பேணுவதற்கு ஆள் இல்லாமற் செத்தன. அரசன் செலவிட்ட பொன்னைக் காக்கக்கூடியவன் லாயக்காரன் ஒருவனே. அவனை இழிந்தோன் எனக் கருதும் சமுதாயம் குதிரையையும் இழக்கும்; பொன்னையும் இழக்கும்.

"குதிரையேறுபவன் உயர்ந்தோன் என எண்ணுவதால் என்ன கேடு? வெறும் கற்பனைதானே!" என்று சிலர் கூறக்கூடும். கேடு உண்டு, கொடிய கேடு உண்டு. குதிரை உயர்பிறப்பின் அடையாளம் என்று நம்புகிறவன், தான் தாழ்ந்தோன் என்று கருதும் ஒருவன் அதன்மேல் ஏறக் கண்டால் பொறுப்பதில்லை. வட இந்தியச் சிற்றூர்கள் சிலவற்றில் ஒடுக்கப்பட்ட குலத்து மணமகன் குதிரைமேல் ஊர்வலம் போகக் காவலர் துணை வேண்டியிருந்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. 2018 மார்ச்சில் குசராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் அக்குலத்து இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். அவர் குதிரை வாங்கி அதில் ஏறிச் சென்றதே காரணம் என்று குடும்பத்தார் முறையிட்டனர். படத்தில் சவுக்கு ஏந்திய பண்ணையாரும், ஊரில் உயிர் பறித்த கையும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவர்கள். அவ்வெண்ணத்தை எள்ளி நகையாடினும் வணங்கிப் போற்றினும் விளைவு ஒன்றுதான்: குதிரை ஒரு சாராருக்கே உரியது என்பது உறுதியாகிறது.

இனி, சூதாடி என்னும் இரண்டாம் பொய்ம்முகம். பந்தயத்திற் பணம் கட்டிக் கெட்ட குடும்பங்கள் உண்டு. அதை மறைப்பது அறமாகாது. ஆயினும், கெட்டவர் யார் என்று கேட்க வேண்டும். பணம் கட்டியவருட் பலர் குதிரையின் பக்கத்திற்கூட நின்றறியாதவர். செய்தித்தாளில் குதிரையின் பெயரையும் எண்ணையும் பார்த்துப் பந்தயம் கட்டியவர்கள் அவர்கள். குதிரையேறும் ஜாக்கியோ பந்தயம் கட்டவே கூடாது என்பது பல நாடுகளில் பந்தய விதி. கட்டினால் அவன் பிழைப்பே போய்விடும். ஏறியவன் சூதாடவில்லை, சூதாடியவன் ஏறவில்லை. இவனுக்காக அவனைத் தூற்றுவது, சீட்டாட்டக்காரன் கெட்டான் என்பதற்காகத் தாள் செய்யும் தொழிலாளியை ஏசுவதற்கு ஒப்பாகும். அளவுக்கு மீறி உடல் எடை ஏறிவிடக் கூடாதே என்று பசித்திருந்து, குறித்த எடைக்குள் உடலை நிறுத்தி, வைகறையில் களத்துக்கு வருபவனிடம் மாணாக்கர் கற்க வேண்டியது கட்டுப்பாடு. அதைச் சொல்லிக்கொடுக்காமல் 'பந்தயக்காரன்' என்ற ஒற்றைச் சொல்லால் அவனைத் தள்ளிவிடுவது அநீதி.

இவற்றோடு ஒட்டி வரும் துணைப் பொய் ஒன்றும் உண்டு. குதிரையேற்றம் கட்டுடல் வாய்ந்த ஆடவர்க்கே ஏற்றது என்பது அது. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழ் உணர்விழந்தவர். குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டிய அப்பெண்மணி, 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆடவரோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார். சிங்கப்பூருக்கு அதனினும் அண்மையான சான்று உண்டு. இந்நாட்டிற் பிறந்த லாரென்ஷியா டான் பெருமூளை வாதமும் செவித்திறன் இழப்பும் உடையவர். உடற்பயிற்சி மருத்துவமாகவே அவர் சிறுவயதிற் குதிரையேறத் தொடங்கினார். 2008ஆம் ஆண்டுப் பாராலிம்பிக்கில் அவர் வென்ற வெண்கலமே அவ்விளையாட்டுகளில் சிங்கப்பூர் பெற்ற முதற் பதக்கம். 2012இல் இலண்டனில் வெள்ளியும் வெண்கலமும் பெற்றார். 1982 முதல் சிங்கப்பூரில் இயங்கிவரும் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றச் சங்கம் கட்டணம் பெறாமலே இத்தகையோருக்குக் குதிரையேற்றச் சிகிச்சை அளித்து வருகிறது. குதிரைமேல் அமர்ந்து, வாழ்வில் முதன்முறையாகப் பிறரைக் குனிந்து பார்க்கும் ஒரு குழந்தையைச் 'செருக்குடையவன்' என்று எவரேனும் சொல்லத் துணிவரோ?

பெண்டிர்க்கு இது புதிதன்று. சிவகங்கையை 1780இல் மீட்ட வேலு நாச்சியார் குதிரையேற்றமும் வாட்போரும் பயின்றவர் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. 1943இல் இதே சிங்கப்பூரில் மருத்துவர் இலட்சுமி சுவாமிநாதன் தலைமையில் மகளிர் படை திரண்டபோது, குதிரைமேல் போரிட்ட ஜான்சி ராணியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் அப்படையில் சேர்ந்தனர். குதிரை ஏறியறியாத அவர்கள், குதிரையேறிய ஒருத்தியின் பெயரைத் தம் பெயராக ஏற்றனர். அது சீமாட்டியின் பெயர் என்று அவர்கள் கூசவில்லை. துணிவின் பெயர் என்று நிமிர்ந்தனர்.

மூன்றாவது பொய்ம்முகமே தமிழாசிரியரைப் பெரிதும் நாணச் செய்ய வேண்டியது. குதிரை தமிழர்க்கு அயலாயின், பரி, மா, புரவி, இவுளி எனத் தமிழில் இத்தனை பெயர்கள் எவ்வாறு வந்தன? புறப்பாடல்களில் 'குதிரை மறம்' என ஒரு துறையே ஏன் அமைந்தது? காரி என்னும் வள்ளலின் குதிரைக்குக் காரி என்றும், ஓரி என்னும் வள்ளலின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர். ஊர்பவனும் ஊர்தியும் ஒரே பெயரால் விளங்கிய உறவு அது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை பதிவு செய்கிறது. குதிரை பிறநாட்டிலிருந்து வந்தது உண்மை. வந்த பின் அது தமிழர் வாழ்வில் கலந்ததும் உண்மை. திருப்பெருந்துறைக்குக் குதிரை வாங்கச் சென்ற அமைச்சரின் வரலாற்றில் இறைவனே குதிரை வணிகனாக வருகிறான். திருமங்கையாழ்வாரின் குதிரை 'ஆடல்மா' எனப் போற்றப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக் குளமங்கலம் ஐயனார் கோயிலில் வானளாவ நிற்கும் குதிரையை வணங்குவோர் உழவரும் கூலிகளும் ஆவர். திருக்குறளுக்கு உரை கண்டாருள் தலைசிறந்தவராகப் போற்றப்படுபவரின் பெயரே பரிமேலழகர். குதிரைமேல் விளங்கும் அழகர் என்னும் பொருளுடைய அப்பெயரை நாள்தோறும் வகுப்பில் உச்சரித்துவிட்டு, குதிரையேற்றம் தமிழர்க்கு ஆகாது என்று கூறும் ஆசிரியர் தம் கையிலுள்ள நூலின் முகப்பைப் படிக்காதவர் ஆவார்.

இவ்வாறு கூறுவதால், இன்றைய சிங்கப்பூரில் குதிரையேற்றம் எளியோர்க்கு எட்டும் கலை என்று கொள்ளற்க. 1886இல் தோன்றிய போலோ கழகத்தில் சேர்வது உழைப்பாளி ஒருவனுக்கு இயல்வதன்று. குதிரை வளர்ப்பு பொருட்செலவு மிக்கது, நிலமோ சுருங்கியது. இவற்றை மறுப்பார் இல்லை. ஆயினும் விலை உயர்ந்தது என்பது வேறு; அதனைச் செய்வோர் குணத்தால் தாழ்ந்தோர் என்பது வேறு. முன்னது பொருளியல், பின்னது பழிச்சொல். ஒன்றைக் காட்டி மற்றொன்றை நிறுவுவது வாதமாகாது. பொருளாதாரத் தடையை எண்ணி வருந்துவோர் அத்தடையை நீக்கவே வழி தேட வேண்டும். தடைக்கு அப்பால் நிற்பவனை ஏசுவதால் தடை நீங்காது.

ஆகவே கட்டுரைப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். மாணாக்கன் செல்வனைக் குதிரைமேல் ஏற்றி எழுதிவந்தால், "இக்குதிரைக்குத் தீனி வைத்தவன் யார்? அவனைப் பற்றி ஒரு பத்தி எழுதுக" என்று திருப்பித் தரலாம். இதைவிட விரைந்து செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கிராஞ்சி மூடப்பட்டுவிட்டது; 2027இல் அந்நிலம் அரசின் கைக்குச் செல்லும்; வீடுகள் எழும். அங்கும் புக்கிட் தீமாவிலும் லாயங்களில் உழைத்த முதியோர் இத்தீவிலும் அக்கரையிலும் இன்னும் வாழ்கின்றனர். குதிரையின் நோயைக் கண்ணைப் பார்த்தே அறிந்தவர்கள் அவர்கள். அவர்தம் சொற்களையும் நினைவுகளையும் மாணாக்கர் சென்று கேட்டு எழுதினால், சிங்கப்பூர்த் தமிழுக்கு ஒரு புதிய நூல் கிடைக்கும். எழுதாவிடின், ஃபேரர் பார்க்கில் நேர்ந்தது கிராஞ்சியிலும் நேரும்: தெருப்பெயர் மிஞ்சும், அத்தெருவில் குதிரையை நடத்திச் சென்றவனின் பெயர் மிஞ்சாது.