இப்போ நாடே கைநாட்டுதான்

எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். முதல்ல இதைச் சொல்லிடறேன்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாத மனுஷி. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராக வந்தபோது, காட்டு வேலை முடிச்சு, சோறாக்கி வச்சுட்டு, ராத்திரி சிலேட்டைத் தூக்கிக்கிட்டுப் போய் உட்கார்ந்து கத்துக்கிச்சு. முழுசாப் படிக்க வரலை. பேரை எழுத வந்துருச்சு. அதுக்கு முன்னாடி எந்த ஆபீசுக்குப் போனாலும் மைப்பெட்டியைத்தான் நீட்டுவாங்க. கட்டைவிரலை அழுத்திட்டு, ஒட்டின மையைத் தலைமுடியில துடைச்சுக்கிட்டு வரும். எங்க பக்கம் ஒருத்தரைக் 'கைநாட்டு' என்று சொன்னால் அது வசவு. கூட்டுறவு சங்கத்துக் கடன் பத்திரத்தில் முதல் தடவை கையெழுத்துப் போட்ட அன்னிக்கு, அந்தக் காகிதத்தைக் குமாஸ்தா திருப்பிக் கேட்கிற வரைக்கும் அம்மா கையிலேயே வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்துச்சாம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

2020 அக்டோபரில் ரேஷன் கடையில் மறுபடியும் விரலை நீட்டச் சொன்னார்கள்.

தமிழ்நாடு முழுக்க ரேகை மெஷின் வந்த மாசம் அது. "ஒரே நாடு ஒரே ரேஷன்" திட்டத்துக்காக. அம்மாவுக்குப் புரியலை. "நான்தான் கையெழுத்துப் போடுவேனே கண்ணு" என்று கேட்டுச்சு. கடையில் இருந்த தம்பி, "கையெழுத்தெல்லாம் இப்போ செல்லாது ஆயா, விரலை வைங்க" என்றார். வச்சுச்சு. மெஷின் ஏத்துக்கலை. அடுத்த விரல், அதையும் ஏத்துக்கலை. பத்து விரலும் முடிஞ்சுது. பின்னாடி வரிசையில் நின்னவங்க முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க. அந்தத் தம்பி மேல எனக்குக் கோபம் இல்லை, அவரும் மெஷினுக்குப் பயந்துதான் வேலை பார்க்கிறார். "சர்வர் மெதுவா இருக்கு ஆயா, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிட்டார்.

சர்வர் மேல தப்பில்லை. தப்பு எங்கம்மா கையில.

அந்தக் கை என்னென்ன செஞ்சிருக்குன்னு கொஞ்சம் சொல்றேன். குச்சிக்கிழங்குக் காட்டுல களை எடுத்திருக்கு. மஞ்சள் அவிச்சுக் காய வச்சுப் பொறுக்கியிருக்கு. கரும்புக்குத் தோகை உரிச்சிருக்கு. கரும்புத் தோகையோட ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், கையில கீறினா நாலு நாளைக்கு எரியும். வீட்டுக்கு வந்தா சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பாத்திரம் தேய்க்கிறது. இப்படி ஐம்பது வருஷம். ரேகை எங்கேருந்து மிஞ்சும்? வயசானால் தோல் தளர்ந்து ரேகை தட்டையாகிப் போகும்கிறது வேற. கொத்தனார், செங்கல் சூளைக்காரர், பீடி சுத்துறவர், யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. இந்த மெஷின் லேசில் ஏத்துக்காத விரல் எல்லாம் வேலை செஞ்ச விரல்தான். பேனா மட்டும் பிடிச்ச விரல் வச்ச உடனே பச்சை விளக்கு எரியுது.

நகரத்துல இருக்கிற நண்பர்கள் இதைப் படிக்கிறீங்க. உங்க போன்லயும் விரல் வச்சாத்தான் திறக்கும், தெரியும். ஈரக் கையோட வச்சா அதுவும் திறக்காது. உடனே நாலு இலக்க நம்பரைத் தட்டித் திறந்துடுவீங்க. அதோட விஷயம் முடிஞ்சுது. ஏன்னா அந்த மெஷின் உங்களோடது. நீங்க காசு போட்டு வாங்கினது, உங்களுக்கு வேலை செய்யுது. எங்கம்மா முன்னாடி இருக்கிற மெஷின் அம்மாவோடது இல்லை. "நீ நீதானா?" என்று கேட்க யாரோ எங்கேயோ உட்கார்ந்து வச்ச மெஷின். அது இல்லைன்னு சொல்லிட்டா, கடைக்காரத் தம்பி, பக்கத்து வீட்டுக்காரங்க, பெத்த பிள்ளை நான், எல்லாரும் நின்னு "இவங்கதான்" என்று சத்தியம் செஞ்சாலும் அந்தப் பச்சை விளக்கு எரியாது.

சென்னையில இருக்கிற நண்பர் ஒருத்தர் அடிக்கடி செய்தி அனுப்புவார். ட்ரோன்ல மருந்து அடிக்கிறாங்க, ஏஐ வந்து பயிர் நோயைக் கண்டுபிடிக்குது, மகளிர் குழுக்களுக்கு 15,000 ட்ரோன் தரப்போறாங்க, "உங்க ஊர் மாறிடுச்சு போல இருக்கே!" என்று கடைசியில ஒரு கேள்வி. நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற படத்தை அனுப்பி வைப்பேன். பாப்பிரெட்டிப்பட்டியில நான் தினமும் பார்க்கிற தொழில்நுட்பம் அந்தச் செய்தியில வர்றதில்லை. ரேகை மெஷின், ஓடிபி, இ-கேஒய்சி, ஆதார் இணைப்பு, முகத்தைப் படம் பிடிக்கிற ஆப். எல்லாம் எங்களைச் சரிபார்க்கிற சாமான்கள்.

தொழில்நுட்பத்துக்கு விரோதி என்று என்னை நினைச்சுடாதீங்க. எங்க காட்டு மோட்டாருக்குப் போன்ல போட்டா ஓடுற ஸ்டார்ட்டர் வாங்கி வச்சிருக்கேன். உள்ளே ஒரு சிம் கார்டு, அவ்வளவுதான். முன்னெல்லாம் மும்முனைக் கரண்ட் நடுராத்திரி வரும். டார்ச்சை எடுத்துக்கிட்டு, கட்டுவிரியன் எங்கே படுத்திருக்கோ என்று வரப்புல குச்சியால தட்டித் தட்டிப் போகணும். இப்போ பாயில படுத்தபடியே மோட்டாரைப் போடுறேன். இதைக் கண்டுபிடிச்சவன் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கலாம். (அதுலயும் ஒரு கெடுதல் உண்டு. போட்டுட்டுத் தூங்கிடறோம், தண்ணி பாட்டுக்கு ஓடுது. எங்க பக்கம் ஆயிரம் அடி போட்டும் புகை மட்டும் வர்ற போர் இருக்கு. அதை இன்னொரு நாள் திட்டிக்கலாம், என்னையும் சேர்த்து.) வாணியாறு அணையில எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு போன்ல பார்க்கிறேன். டீக்கடையில ஸ்கேன் பண்ணித்தான் காசு கொடுக்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தலை, பிடிச்சிருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்.

ரேஷன்லயே கூட நல்ல தொழில்நுட்பம் வந்துச்சு. 2017-ல ஸ்மார்ட் கார்டு கொடுத்தாங்க. கார்டை ஸ்கேன் பண்ணினா பில் போடும், என்ன வாங்கினோம்னு நம்ம போனுக்கு மெசேஜ் வரும். வாங்காத சர்க்கரைக்குப் பில் போட்டா வீட்டுல இருக்கிற நமக்குத் தெரிஞ்சுடும். கடையை நாம கண்காணிக்கிற ஏற்பாடு அது. மூணு வருஷம் கழிச்சு வந்த ரேகை மெஷின் நம்மைக் கண்காணிக்க வந்துச்சு.

"போலியை ஒழிக்க வேண்டாமா?" என்று கேட்பீங்க. அந்த நண்பரும் கேட்டார். ஒழிக்கணும்தான். போலி எந்த வழியா வருதுன்னு பார்ப்போம்.

பிரதமர் கிசான் திட்டம் 2019-ல வந்துச்சு. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூணு தவணை. 2020-ல, ஊரே கொரோனாவுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கிட்டு இருந்த நேரம், தமிழ்நாட்டுல இந்தத் திட்டத்துல ஐந்து லட்சத்துக்கு மேல தகுதி இல்லாத ஆட்களைச் சேர்த்தது வெளியே வந்துச்சு. ஏறக்குறைய 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்ப் பக்கம் அதிகம். எப்படிச் செஞ்சாங்க? அதிகாரிகளோட பாஸ்வேர்டைப் புரோக்கர்கள் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்து ஏத்தியிருக்காங்க. எந்த விவசாயியும் பொய் ரேகை வைக்கலை. 2022-ல பார்த்தா, எல்லா விவசாயியும் இ-கேஒய்சி முடிச்சாத்தான் தவணை என்று வந்துச்சு. நாடு முழுக்க வந்த உத்தரவுதான், இந்த மோசடிக்காகவே வந்ததுன்னு நான் சொல்லலை. ஆனா திருடினவன் வச்சிருந்தது பாஸ்வேர்டு. வரிசையில நின்னு விரல் வச்சது நாங்க.

நூறு நாள் வேலையை எடுத்துக்குங்க. 2023 ஜனவரி 1 முதல் வேலைத்தளத்துல செல்போன் ஆப்புலதான் வருகைப் பதிவு என்று கட்டாயமாக்கினாங்க. காலையில ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல ஒரு போட்டோ. முன்னெல்லாம் கொடுத்த அளவை வெட்டி முடிச்சவங்க வீட்டுக்குப் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டுவாங்க. இப்போ ஏரிக்கரை மரத்தடியில ரெண்டாவது போட்டோவுக்காக உட்கார்ந்திருக்காங்க. மலையடிவாரத்துல சிக்னல் இல்லைன்னா, செய்த வேலை செய்ததாக ஏறுமான்னு மனசு அடிச்சுக்கும். சரி, போலியாவது ஒழிஞ்சுதா? 2025 ஜூலையில மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிச்சு. ஏற்கெனவே எடுத்த போட்டோவைப் போட்டோ பிடிச்சு ஏத்துறாங்க, சம்பந்தமே இல்லாத படத்தை ஏத்துறாங்க, படத்துல இருக்கிற தலைக்கும் கணக்குல இருக்கிற தலைக்கும் பொருந்தலை என்று. தீர்வு என்ன தெரியுமா? பஞ்சாயத்துல ஆளை வச்சு எல்லாப் படத்தையும் சரிபாருங்க. மனுஷனை நம்ப முடியாதுன்னு மெஷின் வச்சாங்க. இப்போ மெஷினைச் சரிபார்க்க மனுஷன் வேணுமாம். இதைப் படிச்ச அன்னிக்கு நான் தனியா உட்கார்ந்து சிரிச்சேன்.

2025 பிப்ரவரியில இன்னொண்ணு, விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண். ஊர் ஊரா முகாம். நானும் போய்ப் பதிஞ்சேன், ஓடிபி வந்துச்சு, நம்பரும் வந்துடுச்சு. என் பக்கத்துக் காட்டை இருபது வருஷமாக் குத்தகைக்கு ஓட்டுற அண்ணனுக்கு நம்பர் இல்லை. பட்டா அவர் பேருல இல்லையே. காட்டுக்குச் சொந்தக்காரர் பெங்களூருல இருக்கார், அவருக்கு நம்பர் உண்டு. நெல்லு எந்தப் பக்கம் காய்க்கும்னு அவருக்குத் தெரியுமோ என்னவோ, கணக்குப்படி அவர் விவசாயி.

ஜார்க்கண்டுல 2017 செப்டம்பர்ல நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிம்டேகா மாவட்டத்துல 11 வயசுப் பெண் குழந்தை செத்துப்போச்சு. ரேஷன் கார்டை ஆதாரோட இணைக்கலைன்னு அந்தக் குடும்பத்துக்கு அரிசி நின்னு போயிருந்தது. பட்டினின்னு பெத்தவள் சொன்னாள். மலேரியான்னு அரசாங்கம் சொல்லுச்சு. நம்ம மாநிலம் அப்படி இல்லை, அதை மறைக்கக் கூடாது. இங்கே எல்லாருக்கும் ரேஷன் கார்டு உண்டு, 2011-ல இருந்து அரிசி இலவசம். ரேகை விழலைன்னா ஓடிபி போடலாம், வயசானவங்களுக்குப் பதிலா வேற ஆளை நியமிக்க எழுதிக் கொடுக்கலாம், கண் கருவிழியைப் பார்க்கிற மெஷினும் வந்திருக்கு. 2025 ஆகஸ்டுல தாயுமானவர் திட்டம்னு வயசானவங்க வீட்டுக்கே பொருளைக் கொண்டு வந்து கொடுக்க ஆரம்பிச்சிருக்காங்க, நல்ல காரியம். அந்த வண்டியிலயும் எடை மெஷினோட ரேகை மெஷினும் சேர்ந்துதான் வருது.

வழி இருக்கிறதும், அந்த வழியைக் கேட்டு வாங்குற தைரியம் இருக்கிறதும் ஒண்ணில்லையே. ஓடிபி வர்ற போன் என்கிட்ட இருக்கு, நான் காட்டுல இருப்பேன். பதில் ஆளை எழுதிக் கொடுக்கலாம்னு சொன்னேன், அம்மா சம்மதிக்கலை. "நான் நல்லா நடமாடிக்கிட்டு இருக்கையில எனக்கு எதுக்குடா பதில் ஆளு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

நான் கேட்கிறது ரொம்பச் சின்ன விஷயம். ரேகை மெஷின் பக்கத்துல ஒரு நோட்டு வைக்கணும். விரல் ஒரு தடவை விழலைன்னா, ரெண்டாவது விரலைக் கேட்காம அந்த நோட்டை நீட்டணும். "நாளைக்கு வாங்க" என்ற பேச்சு இருக்கக் கூடாது. அப்படி ஒரு நாள் அலைய விட்டா யார் பொறுப்புன்னு கடைச் சுவத்துல எழுதி வைக்கணும். ரேகை ஒத்துப்போகாததுக்காகத் தகுதி உள்ளவங்களுக்கு மறுக்கக் கூடாது என்பது 2018 செப்டம்பர் 26-ல உச்ச நீதிமன்றம் கொடுத்த ஆதார் தீர்ப்புலயே பதிவாகி இருக்கு. புதுசா எதுவும் கேட்கலை. அந்த நோட்டுல எங்கம்மா கையெழுத்துப் போடும். சிலேட்டுல எழுதிக் கத்துக்கிட்ட கையெழுத்து, இப்போ கொஞ்சம் நடுங்குது, ஆனா எவனும் அதைப் பார்த்து வேற ஆளுன்னு சொல்ல முடியாது.

நீங்க அடுத்த தடவை ட்ரோன் செய்தி அனுப்பறப்போ கூடவே இதையும் கேளுங்க, பரவாயில்லை, பதில் சொல்றேன்: "அம்மாவுக்கு இந்த மாசம் அரிசி எத்தனையாவது விரல்ல கிடைச்சுது?"

நாளைக்கு எங்க தெருவுக்கு அரிசி போடுற நாள். அம்மா முந்தாநாள்ல இருந்து பாத்திரம் தேய்க்கலை. ராத்திரி கட்டைவிரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டுப் படுக்குது. பாத்திரம் நான்தான் தேய்க்கிறேன்.