இரண்டு மணிக்கு வரவேண்டிய போன்

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியை 'அவுட்பேக்' என்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்மண்ணும் கல்லும்தான். அங்கே மாரீ என்ற சிற்றூரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 517 கிலோமீட்டருக்கு ஒரு மண் சாலை போகிறது. அந்தக் காலத்தில் மாட்டு மந்தைகளை ஓட்டிவந்த வழி அது. ஏறக்குறைய பாதி வழியில் முங்கரானி என்ற இடத்தில் பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும். மற்றபடி கடை கண்ணி கிடையாது. செல்போனும் பெரும்பாலும் எடுக்காது.

அடிலெய்டில் வேலை பார்க்கும் என் அக்கா மகள், ஒரு ஜூலை மாதம் இந்தச் சாலையில் தன்னந்தனியாகக் கார் ஓட்டிப் போகப் புறப்பட்டாள். அங்கே ஜூலை குளிர்காலம், போவதற்கு ஏற்ற பருவம். அக்கா ஒரே அழுகை. "நீயாவது சொல்லேன்டி" என்றாள். சொல்லலாமென்றுதான் போனை எடுத்தேன். அவளோ, "சித்தி, நீங்கதான் எனக்குத் தகவல் ஆளா இருக்கணும். அம்மாவால முடியாது" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

அதென்ன தகவல் ஆள்? போகும் வழி, தங்கும் இடம், கார் நம்பர் எல்லாம் அவரிடம் இருக்கவேண்டும். சொன்ன நேரத்துக்குள் போன் வராவிட்டால் அந்த ஊர்ப் போலீசுக்குச் சொல்வது அவர் பொறுப்பு. அடிலெய்டு கடிகாரத்தில் மாலை ஆறு என்றால் அப்போது நமக்கு மத்தியானம் இரண்டு. அதுதான் கெடு. ஏழு வரை பார்த்துவிட்டுப் போலீஸ். காலண்டரில் குறித்துக்கொண்டேன்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்கிறீர்களா? 1963 டிசம்பரில், நல்ல கோடையில், அதே வழியில் ஒரு குடும்பத்தின் கார் பெட்ரோல் தீர்ந்து நின்றுவிட்டது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். தண்ணீர் தேடிக் காரைவிட்டு நடந்தார்கள். ஐந்து பேரும் இறந்துபோனார்கள்.

நம் ஊரில் வண்டி நின்றால் நாலு எட்டு நடந்து ஆளைக் கூட்டி வருகிறோம். அங்கே அது ஆகாது. விமானத்திலிருந்து தேடுகிறவர்களுக்குக் கார் தெரியும், நடந்துபோகும் மனுஷி தெரியமாட்டாள். காரின் நிழலும் ஒரு துணை. "எது நடந்தாலும் காரைவிட்டு நகராதே" என்று அவளைத் திரும்பச் சொல்ல வைத்தேன், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி!

தண்ணீர் நாளுக்குப் பத்து லிட்டர், மாற்று டயர் இரண்டு, சாட்டிலைட் போன், எல்லாம் எடுத்துக்கொண்டாள். மழை பெய்தால் அந்த மண் சேறாகிச் சாலையையே மூடிவிடுவார்களாம். மூடிய சாலையில் போனால் அபராதம். அதனால் நாலு நாள் சாப்பாடு கூடுதலாக. புளிக்காய்ச்சல் செய்முறையை மட்டும் நான் சொன்னேன். கெடாது, பாருங்கள்.

முதல் நாள் ஒன்றே முக்காலுக்கே போன் வந்துவிட்டது. இரண்டாம் நாள் இரண்டு அடித்தது. இரண்டேகால், இரண்டரை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. போலீஸ் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு நாற்பதுக்கு மணி அடித்தது.

"கல்லு குத்தி டயர் கிழிஞ்சிடுச்சு சித்தி. மாத்திட்டுப் பேர்ட்ஸ்வில் வந்து சேர்ந்துட்டேன்."

டயர் விஷயத்தை அக்காவிடம் இதுவரை நான் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.