கப்பல் ஏறும் பிள்ளைக்கு ஒரு கைப்பை



மூதூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். 2006 இல் சண்டை மூண்டபோது அவருக்கு எட்டு வயது. தாயும் தம்பியும் படகேறி இந்தியா போய்விட்டார்கள். இவர் பெரியம்மாவுடன் இங்கேயே நின்றுவிட்டார். தாய் இப்போது மண்டபம் முகாமில் இருக்கிறார். மகளுக்குக் கல்யாணமாகி, பேத்திக்கு ஒரு வயதும் ஆகிவிட்டது. காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலில் போய்த் தாயைப் பார்த்து வர நினைத்திருக்கிறார். "ஒரு வயதுப் பிள்ளையோடு கப்பலில் போகலாமா, என்னென்ன கொண்டுபோக வேண்டும்?" என்று கேட்கிறார்.

போகலாம். தாராளமாகப் போகலாம். ஆனால் எதைக் கொண்டுபோவது என்பதை விட, எதை எந்தப் பைக்குள் வைப்பது என்பதுதான் பெரிய விஷயம். இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 2006 ஆகஸ்ட் 11 இல் ஏ-9 பாதை மூடப்பட்ட பிறகு, யாழ்ப்பாணம் போக வேண்டிய சனம் எல்லாம் திருகோணமலைக்கு வந்து கப்பலுக்குக் காத்திருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். லொட்ஜ்களிலும் தெரிந்தவர் வீட்டு விறாந்தைகளிலும் நாட்கணக்காக இருந்தார்கள். பதிவு, சோதனை, பிறகு இன்னொரு சோதனை. தொண்டு வேலைக்காக நான் அந்தத் தாய்மாரோடு நின்றேன். பெயர் கூப்பிட்டதும் எல்லோரும் ஓடுவார்கள். பெரிய பொதிகளை வாங்கிக் கப்பலின் அடித்தட்டில் போடுவார்கள். பால்மா, சுடுதண்ணிப் போத்தல், மாற்றுச் சட்டை எல்லாம் அந்தப் பொதிக்குள்ளேயே போய்விடும். கப்பல் கரையை விட்டு வெகுதூரம் விலகி, கடற்படைப் பாதுகாப்போடு, இரவிரவாகப் போகும். பிள்ளை பசியில் அழும்போது தாயின் மடியில் ஒன்றும் இராது. அப்படிப் போய் வந்த தாய்மார் பலர் இதையேதான் சொன்னார்கள்.

ஆகவே பை இரண்டு. பெரிய பையை எடுத்துக்கொண்டு போனவர்கள் அதைத் திருப்பித் தராவிட்டாலும் ஒரு நாள் சமாளிக்கக்கூடியதாகச் சின்னப் பை இருக்க வேண்டும். அதுவும் முதுகில் மாட்டும் பையாக இருக்கட்டும். கப்பல் படியில் ஏறும்போது ஒரு கை பிள்ளைக்கு, மற்றக் கை கம்பிக்கு. மூன்றாவது கை எங்களுக்கு இல்லை.

நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கடல் தூரம் சுமார் 60 கடல் மைல்தான். 2023 ஒக்டோபர் 14 இல் 'செரியபாணி' என்ற கப்பல் இந்தப் பாதையில் முதல் ஓட்டம் ஓடி, சில நாட்களிலேயே நின்றது. பிறகு 2024 ஆகஸ்ட் 16 இல் 'சிவகங்கை' ஓடத் தொடங்கியது. வாடைக்காற்றுக் காலத்தில் சேவை நிற்கிறது. ஆகவே பயணச்சீட்டு எடுக்க முன்பும் புறப்படுகிற கிழமையிலும் விசாரித்துக்கொள்ளுங்கள். கடலில் நான்கு மணித்தியாலம் அளவில்தான் இருப்பீர்கள். அதைக் கேட்டுவிட்டு நான்கு மணித்தியாலத்துக்கு மட்டும் பை கட்டாதீர்கள். மூதூரில் இருந்து திருகோணமலை, அங்கிருந்து யாழ்ப்பாணம், பிறகு காங்கேசன்துறை, அங்கே குடிவரவு வரிசை, நாகபட்டினத்தில் மறுபடி வரிசை, அதன் பிறகு மண்டபத்துக்கு இன்னும் பல மணித்தியால பஸ். பிள்ளைக்கு இது முழு ஒரு நாளுக்கும் மேற்பட்ட பிரயாணம். கைப்பையை அந்த ஒரு நாளுக்கும், கப்பல் பிந்தினால் இன்னொரு அரை நாளுக்குமாகக் கட்டுங்கள்.

உணவைப் பற்றிச் சொல்கிறேன். தாய்ப்பால் இன்னும் கொடுக்கிறீர்கள் என்றால் பாதிப் பாரம் குறைந்துவிட்டது. இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் சுகாதாரத்துறை சொல்கிறது. பிரயாணத்தை முன்னிட்டுப் பால் மறக்கடிக்க வேண்டாம். பழுதாகாது, சூடாக்கத் தேவையில்லை, எந்தச் சோதனைச்சாவடியிலும் திறந்து காட்டச் சொல்லமாட்டார்கள். ஒரு மெல்லிய பருத்தித் துப்பட்டாவை மேலே எடுத்து வையுங்கள், கூட்டத்துக்குள் மறைவுக்கு.

ஒரு வயதில் பிள்ளை வீட்டுச் சாப்பாடும் சாப்பிடும். ஆனால் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த சோறும் இடியப்பமும் எங்கள் வெக்கைக்கு இரண்டு மணித்தியாலம்கூட நம்பிக்கையாக இராது. அவற்றை வீட்டிலேயே ஊட்டிவிட்டுப் புறப்படுங்கள். கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா ஏற்கெனவே பக்குவப்படுத்தப்பட்ட மா. அடுப்புத் தேவையில்லை. காய்ந்த போத்தலில் மாவையும் சீனியையும் தனியாகக் கொண்டுபோய், ஆறிய கொதிநீர் விட்டு, அந்த அந்த நேரத்துக்குக் குழைத்துக் கொடுக்கலாம். தேங்காய்ப்பூ சேர்த்து உருண்டை பிடித்துக்கொண்டு போகவேண்டாம். புளித்துவிடும். வாழைப்பழத்தைச் சீப்போடு கொண்டுபோகலாம், தோலே அதற்கு மூடி. ரஸ்க், மாரி பிஸ்கட் போதும். கச்சான், கடலை, முழுத் திராட்சை, கட்டி இனிப்பு எதையும் பக்கத்தில் இருப்பவர் அன்போடு நீட்டினாலும் வாங்கிப் பிள்ளையின் வாயில் வைக்காதீர்கள். ஆடுகிற கப்பலில் தொண்டையில் சிக்கினால் உடனே ஓடுவதற்கு ஆஸ்பத்திரி கிடையாது.

கொதித்தாறிய தண்ணீர் இரண்டு போத்தல். ஜீவனி இரண்டு பைக்கற். வயிற்றோட்டம் தொடங்கினால் பைக்கற்றில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுப் பைக்கற்றையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதிப் பைக்கற்றைக் கண்மதிப்பில் கரைப்பது கூடாது. இந்த வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை போன பின்பும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். 24 மணித்தியாலம் கடந்த கரைசலை ஊற்றிவிடுங்கள். அளவுக் குறியுள்ள சின்னக் கோப்பை ஒன்றும் கரண்டி ஒன்றும் பைக்குள் கிடக்கட்டும்.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, முன்கூட்டியே ஒரு பாணிமருந்து கொடுத்தால் நித்திரையாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். களவாகப் படகேறிய காலத்தில் பிள்ளையின் அழுகுரல் கேட்காமல் இருக்க அப்படிக் கொடுத்ததாகச் சொன்ன தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அன்றைய பயம் அப்படி. ஆனால் இன்று அந்தத் தேவை இல்லை. புரோமெத்தசீன் என்ற மருந்து இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மூச்சையே அடக்கிவிடக்கூடியது. அவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. மற்றத் தடிமன் பாணிகளையும் நித்திரைக்காகக் கொடுக்கக் கூடாது. உண்மையில் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கடல் மயக்கம் வருவது குறைவு. வருவது எங்களுக்குத்தான்! ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, நீங்கள் வாந்தி எடுக்கும்போது பிள்ளையை யார் பிடிப்பது என்பது. தனியாகப் போகாதீர்கள். முடியாவிட்டால், வரிசையில் நிற்கும்போதே பிள்ளைகாரப் பெண் ஒருவரைச் சிநேகிதம் பிடித்துக்கொள்ளுங்கள். இஞ்சித் துண்டு, தேசிக்காய், நாலைந்து சொப்பிங் பேக் உங்களுக்காக. கற்பூரம் சேர்ந்த தைலத்தைப் பிள்ளையின் மூக்கடியில் பூச வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் பாணி ஒரு போத்தல். பிள்ளையின் நிறைக்கு எவ்வளவு என்பதை உங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டுப் போத்தலிலேயே எழுதி ஒட்டுங்கள். அப்படியே 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போட வேண்டிய ஊசிகள் முடிந்தனவா என்றும் பார்த்துவிடலாம்.

உடுப்புப் பற்றி அதிகம் இல்லை. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு பம்பஸ் என்று எண்ணி, மேலே இரண்டு. வாங்க வசதி இல்லாவிட்டால் வெட்டித் தைத்த பழைய சாரித் துண்டு எட்டு. எங்கள் பிள்ளைகள் எல்லாம் அதில்தானே வளர்ந்தார்கள். நனைந்ததைப் போட இறுக்கிக் கட்டும் பை ஒன்று. முழுக்கைச் சட்டை ஒன்று, தொப்பி ஒன்று. உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை வேண்டும். அதை எல்லோரும் மறப்பார்கள்.

இனி, உயிர்காப்பு அங்கி. 2021 நவம்பர் 23 இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்தது. பாலம் கட்டி முடியாததால் அதில் ஏறிய சின்னஞ்சிறு பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தார்கள். அது கடல்கூட இல்லை, களப்பு. கப்பலில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக, "கைக்குழந்தைக்கான அங்கி எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். 24 மணித்தியாலத்துக்குக் குறைந்த பயணம் செய்யும் சர்வதேசப் பயணிகள் கப்பலில், பயணிகளின் எண்ணிக்கையில் 2.5 சதவீதமாவது கைக்குழந்தை அங்கிகள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடற்பாதுகாப்பு விதி. 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கென்று அது செய்யப்பட்டது. கேட்பது உங்கள் உரிமை, வெட்கப்பட வேண்டாம். பெரியவர்களின் அங்கியைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது மேலே கழன்று போகும். உங்கள் அங்கிக்குள் பிள்ளையை வைத்துக் கட்டுவதும் ஆபத்து. மூதூர், கிண்ணியாப் பக்கம் சின்னப் படகில் போகும்போதும் இதைக் கேட்டுப் பழகுங்கள். இல்லை என்று சொன்னால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

பத்திரங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உடலோடு வைத்திருங்கள். பிள்ளைக்குத் தனிக் கடவுச்சீட்டு வேண்டும், இந்திய விசாவும் தனியாக வேண்டும். கடவுச்சீட்டுக்குத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் கேட்கப்படும். தகப்பன் மத்திய கிழக்கில் வேலை என்றால் அந்தக் கடிதத்துக்கு நாள் எடுக்கும், இப்போதே தொடங்குங்கள். நீங்கள் எடுக்கும் விசா கடல் வழியாக இறங்கவும் செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டு உறுதிப்படுத்துங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியும், பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடும் அதே உறைக்குள் இருக்கட்டும். முகாமுக்குள் உங்களைத் தங்க விடுவார்களா என்பதை அம்மாவே அங்கே விசாரித்து வைக்கட்டும். 2021 இல் தமிழ்நாட்டு அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. பெயர் மாறினாலும் வாசலில் கேள்வி இருக்கும்.

இன்னொன்று. பிள்ளையின் உள்சட்டையில், உட்புறமாக, ஒரு துண்டுத் துணியில் பெயரும் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதித் தைத்துவிடுங்கள். வெளியில் தெரியத் தேவையில்லை. 2009 பெப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு புதுமாத்தளன் பக்கமிருந்து காயப்பட்டவர்களையும் நோயாளரையும் துணைக்கு வந்தவர்களையும் கடல்வழியாகக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 14,000 பேர். அவர்களில் பலர் எங்கள் துறைமுகத்தில்தான் இறங்கினார்கள். பை என்று ஒன்றுமே இல்லாமல் வந்தவர்கள் அவர்கள். பேசத் தெரியாத பிள்ளை யாருடையது என்று கேட்க நேரும் நிலையை இந்த மாவட்டத்தில் நாங்கள் கண்டவர்கள். அதனால்தான் நல்ல காலத்திலும் இதைச் சொல்கிறேன். இரண்டு நிமிடத் தையல்.

2023 இல் சென்னையில் இருந்து உல்லாசக் கப்பல் ஒன்று திருகோணமலைக்கும் வந்து போகத் தொடங்கியபோது, கரையில் நின்று பார்த்த ஒருத்தி, "அதில் போகிற பிள்ளைகளுக்குப் பெட்டி எத்தனை இருக்கும் அக்கா?" என்று கேட்டாள். பெட்டி எத்தனையோ, ஒரு வயதுப் பிள்ளைக்கு அதற்குள்ளும் வேண்டியது இவைதான்.

கடிதத்தின் கடைசியில் அந்தச் சகோதரி ஒரு கவலையும் எழுதியிருக்கிறார்: பிள்ளை புதுமுகம் கண்டால் அழுகிறதாம், அம்மம்மாவிடமும் போகாமல் அழுதால் அம்மா தாங்கமாட்டாராம். சகோதரி, ஒரு வயதில் அது இயல்பு, பிள்ளைக்குப் புத்தி வளர்வதன் அடையாளம். இன்று முதல் தினமும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் அம்மாவைப் பேசச் சொல்லுங்கள், முகம் தெரிந்தால் இன்னும் நல்லது. ஒரே பாட்டைப் பாடட்டும். அம்மாவின் படம் ஒன்றைப் பிள்ளை படுக்கிற இடத்தில் ஒட்டுங்கள். வந்து இறங்கியவுடன் பறித்துத் தூக்க வேண்டாம் என்று அம்மாவுக்கும் சொல்லிவையுங்கள். நீங்கள் முதலில் அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை உங்கள் மடியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அதுவாகவே கை நீட்டும்.